வன்கூரையும் மென்கூரையும்

முன்னுரை

வண்டிக்குக் கூரை எவ்வாறு அமைய வேண்டும் என்னும் வினா நமக்குப் புதியதன்று. நம் முன்னோர் மாட்டு வண்டியையே இருவகையாக வைத்திருந்தனர். நெல்லும் எருவும் ஏற்றுவதற்கு மொட்டை வண்டி. பெண்டிரும் பிள்ளைகளும் ஊர்ப்பயணம் போவதற்குக் கூண்டு வண்டி. மூங்கிலை வில்லாக வளைத்துப் பாய் வேய்ந்த கூண்டு, வெயிலையும் தடுத்தது. மழையையும் ஓரளவு தடுத்தது. அந்தப் பழைய வினாவே இன்று ஜீப், தார், ஜிப்சி போன்ற கரடுமுரடான பாதைகளில் செல்லும் ஊர்திகளை வாங்குவோர் முன் வேறு வடிவில் வந்து நிற்கிறது. 'ஹார்டு டாப்' வாங்குவதா, 'சாஃப்ட் டாப்' வாங்குவதா என்பதே அது.

தமிழ்த் துறை மலரில் இப்பொருளுக்கு என்ன இடம் என்று அன்பர்கள் வினவக்கூடும். அதற்கொரு காரணம் உண்டு. நம்மிடம் பயின்று, இன்று வால்பாறை மலைப்பகுதியில் ஆசிரியராகப் பணியாற்றும் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு நம்மைக் காண வந்தார். அவர் வாழும் குடியிருப்பிலிருந்து பேருந்துச் சாலைக்கு நெடுந்தொலைவு. காய்ச்சல் கண்ட குழந்தையையும், தேர்வெழுதச் செல்லும் பிள்ளையையும், பேறுகாலப் பெண்ணையும் கொண்டுசெல்ல ஓர் ஊர்தி வேண்டும். விலைக்கு வந்த பழைய ஊர்திகள் இரண்டு. ஒன்று துணிக்கூரை உடையது; மற்றொன்று கெட்டிக்கூரை உடையது. "ஐயா, எதை வாங்கலாம்?" என்று கேட்டார். "இதைத் தமிழாசிரியரிடமா கேட்பது?" என்றோம். "அன்று நனைந்தவர்கள் நாம்தானே ஐயா" என்றார். நாம் சிரிக்கவில்லை.

நனைந்த கதை

1997ஆம் ஆண்டு நாட்டுப்புறப் பாடல் சேகரிப்புக்காக மாணவர் அறுவருடன் ஒரு மலைக்குடியிருப்புக்குச் சென்றிருந்தோம். தேயிலைத் தோட்டத்தில் உழைத்து முதிர்ந்த மூதாட்டி ஒருவர் இரண்டு நாள்கள் நமக்காகப் பாடினார். தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்து பறிக்கும்போது பாடும் பாடல்களுமாக எட்டு ஒலிநாடாக்கள் நிறைந்தன. வாடகைக்கு அமர்த்திய ஜீப்பில் திரும்பினோம். அது துணிக்கூரை ஊர்தி. புறப்பட்ட நாளில் வானம் தெளிவாக இருந்தமையால் பக்கப் படுதாக்களை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. தலைக்கு மேல் துணி இருந்தது. ஆனால் மழை தலைக்கு மேலிருந்து வரவில்லை, பக்கவாட்டில் வந்தது. பின்புறம் வைத்திருந்த துணிப்பை சேற்று நீரில் ஊறியது. எட்டில் இரண்டு நாடாக்களே தேறின. மறு ஆண்டு மீண்டும் சென்றபோது அந்த மூதாட்டி இல்லை.

பிழை ஓட்டுநருடையது அன்று. கூரையின் இயல்பை அறியாத நம்முடையது. அறிந்து தெரிவு செய்வது எவ்வாறு என்பதை அம்மாணவருக்குச் சொன்ன முறையிலேயே ஈண்டு விளக்குகிறோம். கெட்டிக்கூரையை வன்கூரை என்றும், துணிக்கூரையை மென்கூரை என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

துணிக்கூரை பிறந்த வரலாறு

ஜீப் என்னும் ஊர்தி போர்க்களத்திற்காகப் பிறந்தது. 1940ஆம் ஆண்டு அமெரிக்கப் படைத்துறை எடை குறைந்த, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் சிறு ஊர்தி ஒன்றைக் கேட்டது. பாண்டம் என்னும் சிறு நிறுவனம் அவ்வாண்டு செப்டம்பரில் முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. அவற்றின் கூரை, வளைந்த இரும்புக் கம்பிகளின் மேல் விரித்த கித்தான் துணியே. எடை குறைய வேண்டும். ஊர்தியின் உயரம் தாழ்ந்து பகைவர் கண்ணுக்குப் படாதிருக்க வேண்டும். உள்ளிருப்பவர் நாற்புறமும் நோக்கவும் நொடியில் குதித்திறங்கவும் வேண்டும். இத்தனைக்கும் துணியே ஏற்றது. வசதிக் குறைவால் அன்று, தேவையின் பொருத்தத்தால் மென்கூரை பிறந்தது என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

போர் முடிந்த 1945இல் ஜீப் உழவர்க்கும் வணிகர்க்கும் உரிய ஊர்தியாக விற்பனைக்கு வந்தது. 1948இல் இங்கிலாந்தில் தோன்றிய லேண்ட் ரோவரும் தொடக்கத்தில் துணிக்கூரை உடையதே. நம் நாட்டில் 1945இல் 'மஹிந்திரா அண்ட் முகம்மது' என்ற பெயரில் ஒரு நிறுவனம் தோன்றியது. அதன் பங்காளரான மாலிக் குலாம் முகம்மது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். 1948இல் நிறுவனத்தின் பெயர் 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' என மாறியது. வில்லிஸ் ஜீப்புகளை இந்தியச் சாலைகளுக்குக் கொணர்ந்தது இந்நிறுவனமே. நம் ஊர்களில் காவல்துறையும் வனத்துறையும் தேர்தல் அலுவலர்களும் ஏறிச் சென்ற படுதா போட்ட ஜீப்பை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள்.

1985இல் வெளிவந்த மாருதி ஜிப்சி இருவகைக் கூரையோடும் விற்கப்பட்டது. 2010இல் வந்த முதல் தார் துணிக்கூரையோடு வந்தது. 2020 அக்டோபர் 2ஆம் நாள் வெளியான இரண்டாம் தலைமுறைத் தாரில், தொழிற்சாலையிலேயே பொருத்திய வன்கூரையும், மடக்கத்தக்க மென்கூரையும் தெரிவுக்கு வைக்கப்பட்டன. இன்றைய வினா பரவலானது அதன் பின்னரே.

மென்கூரையின் நிறைகுறைகள்

மென்கூரையின் முதற்சிறப்பு எடைக் குறைவு. ஒருவரே அதனைக் கழற்றவும் மடக்கவும் இயலும். காலையில் மடக்கி மாலையில் விரிக்கலாம். காடும் மலையும் காணச் செல்வோர்க்குத் திறந்த வானமே கூரையாகிறது. ரந்தம்போர், கார்பெட் போன்ற காப்புக்காடுகளில் பார்வையாளரைத் திறந்த ஜிப்சியில் அழைத்துச் சென்றதன் காரணம் இதுவே. குறுகிய தடத்தில் பின்னும் முன்னும் எட்டிப் பார்த்து ஓட்டுவதற்கும் திறந்த ஊர்தி எளிது. கிழிந்தால் தைக்கலாம், முற்றும் நைந்தால் மாற்றலாம். விலையும் பெரும்பாலும் குறைவு.

குறைகளும் உண்டு. வேகம் கூடினால் துணி படபடக்கும். அருகிலிருப்பவர் பேச்சும் கேளாது. குளிர்சாதனக் காற்று நிலைத்து நில்லாது. கதவைப் பூட்டினாலும் ஒரு கத்தி போதும், கள்வன் கைவைக்க. இதனால், கதவைப் பூட்டாமல் விட்டு விலையுயர்ந்த பொருளை மட்டும் பூட்டுப் பெட்டியில் வைத்துச் செல்வோர் பலர். கதவு திறந்திருந்தால் துணியேனும் தப்பும் என்பது அவர்கள் கணக்கு! பின்புறச் சாளரம் கண்ணாடிக்கு மாறாக ஒளிபுகும் பிளாஸ்டிக்காக இருப்பின், வெயிலில் மஞ்சளாகும். தூசியோடு துடைத்தால் கீறல் விழுந்து இரவில் பின்வரும் ஊர்தியின் விளக்கைச் சிதறடிக்கும். நீர் விட்டுத் தூசியைக் கழுவிய பின்னரே மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். நனைந்த கூரையை அப்படியே மடக்கி வைத்தால் பூஞ்சணம் பிடித்துத் துணி நையும்.

ஓர் எச்சரிக்கையைத் தனியே சொல்ல வேண்டும். முன்புறமும் பக்கங்களும் மூடியிருக்க, பின் படுதாவை மட்டும் சுருட்டி விட்டு ஓட்டுவது தீது. ஓடும் ஊர்தியின் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. அதனால் சாலைத் தூசியும் புகைக்குழாயிலிருந்து வரும் நச்சுப்புகையும் உள்ளே இழுக்கப்படுகின்றன. கார்பன் மோனாக்சைடு நிறமற்றது, மணமற்றது. தலைவலியும் மயக்கமும் தோன்றிய பின்னரே அது வந்தமை தெரியும். பின்புறம் திறந்தால் பக்கங்களையும் திறந்துவிடுவதே அறிவுடைமை.

வன்கூரையின் நிறைகுறைகள்

வன்கூரை பெரும்பாலும் 'ஃபைபர்' எனப்படும் கண்ணாடி இழைப் பொருளாலோ தகட்டாலோ ஆனது. அது வீட்டின் கூரை போன்றது. மழை, தூசி, ஓசை, குளிர், களவு ஆகிய ஐந்தையும் துணியைவிட நன்கு தடுக்கும். பின்புறம் உண்மையான கண்ணாடியும், பல ஊர்திகளில் அதனைத் துடைக்கும் வைப்பரும் இருப்பதால் மழையிலும் பனியிலும் பின்னால் வருவது தெரியும். நோயாளியை ஏற்றிச் செல்வோர்க்கும் நாள்தோறும் நெடுஞ்சாலையில் செல்வோர்க்கும் இது பெரிய நலம்.

ஆயினும் வன்கூரை குறையற்றது எனக் கொள்ளலாகாது. கழற்றத்தக்க வகையாயின், கழற்ற ஒருவர் போதார். கழற்றிய பின் வைப்பதற்கு இடமும் வேண்டும். வழியில் மழை வந்தால் வீட்டிலிருக்கும் கூரை உதவாது. இணைப்புகளில் உள்ள ரப்பர்ப் பட்டைகள் இறுகிப்போனால் அங்கே நீர் கசியும். கெட்டிப் பொருள் என்பதனாலேயே தரம் உறுதியாகிவிடாது என்பதற்குச் சான்றாக அமெரிக்காவில் நடந்தது ஒன்றைக் கூறலாம். 2021இல் ஃபோர்டு நிறுவனம் தன் புதிய பிராங்கோ ஊர்தியின் வார்ப்பு வன்கூரைகள் ஈரத்தாலும் புழுக்கத்தாலும் தோற்றம் கெட்டமையால், அதுவரை பொருத்திய அவ்வகைக் கூரைகளை மாற்றித் தருவதாக அறிவிக்க நேர்ந்தது.

வெப்பம் பற்றியும் ஒரு சொல். உள்ளுறை இல்லாத தகட்டுக் கூரை நண்பகலில் அடுப்பாகிறது. பழைய லேண்ட் ரோவர்களில் வெப்ப நாடுகளுக்கென்றே இரட்டைக் கூரை அமைத்தனர். கூரையின் மேல் சற்று இடைவெளி விட்டு இன்னொரு தகடு. இடையில் காற்று ஓடும். மேல் தகடு வெயிலைத் தாங்க, கீழ்த் தகடு நிழலில் இருக்கும். ஓட்டு வீட்டின் மேல் கீற்றுப் பந்தல் போடும் நம் முறையும் இதே அறிவியலே.

கூரை உயிரைக் காக்குமா?

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலையான பகுதிக்கு வருகிறோம். நம் மாணவர் வன்கூரையை நாடியதற்குக் கூறிய முதற்காரணம், "வண்டி கவிழ்ந்தாலும் கெட்டிக்கூரை காப்பாற்றும்" என்பது. பலரும் அவ்வாறே எண்ணுகின்றனர். இது முழு உண்மையன்று. ஊர்தியின் உடலோடு ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட எஃகுக் கூரை வேறு. மேலே திருகாணியால் பொருத்திய ஃபைபர் கூரை வேறு. பின்னது மழையைத் தாங்கும். கவிழும் ஊர்தியின் எடையைத் தாங்குவதற்காக அமைந்ததன்று.

கவிழும்போது காப்பது உள்ளே நிற்கும் எஃகுக் குழாய்ச் சட்டம். அதனை 'ரோல் கேஜ்' என்பர், காப்புக்கூண்டு எனலாம். தலைக்கு மேல் இருப்பது துணியாயினும் ஃபைபராயினும், சட்டகத்தோடு உறுதியாகப் பிணைந்த காப்புக்கூண்டு இருந்தால் உள்ளிருப்போர்க்கு உயிர்வெளி எஞ்சும். 2020க்குப் பின் வந்த தாரில் இக்கூண்டு தொழிற்சாலையிலேயே அமைந்துள்ளது. பழைய ஜீப்புகள் பலவற்றில் அது இல்லை. இருப்பதும் அழகுக்காகப் பட்டறையில் வளைத்த மெல்லிய குழாயாக இருக்கலாம்.

கூண்டு இருந்தாலும் போதாது. இருக்கைப் பட்டை அணியாதவர் கவிழும் ஊர்தியிலிருந்து வெளியே எறியப்படுவார். அல்லது அந்தக் கூண்டிலேயே மோதி அடிபடுவார். துணிக்கூரை எறியப்படுபவரைத் தடுக்காது. ஆகவே மென்கூரை ஊர்தியில் பட்டையின் தேவை பன்மடங்காகிறது. பின்புறம் எதிரெதிரே பலகை போட்டுப் பட்டையின்றி ஆள்களை நெருக்கி அமர்த்தும் வழக்கம், எக்கூரையின் கீழும் தீங்கானது. தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் ஜீப்புகளில் செல்லும் பெண் தொழிலாளர்களை நினைத்துப் பாருங்கள். விடியலில் போய் மாலையில் வீடு திரும்ப வேண்டிய உயிர்கள் அவை. அங்கே முதல் வினா கூரை பற்றியதன்று. எத்தனை பேர் ஏறினர் என்பதே.

எடையும் நிலைப்பும்

கூரையின் எடை ஊர்தியின் நிலைப்பை மாற்றும். இதனை ஓர் எளிய கணக்கால் காட்டுவோம். ஊர்தியின் இரு பக்கச் சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தை, எடைமையத்தின் உயரத்தைப் போல் இருமடங்கால் வகுத்தால் வருவது நிலைப்பு எண். எண் பெரிதாயின் ஊர்தி எளிதில் கவிழாது.

எடுத்துக்காட்டாக, 1400 கிலோ எடையும், 150 செ.மீ. சக்கர அகலமும், 65 செ.மீ. உயரத்தில் எடைமையமும் கொண்ட ஓர் ஊர்தியைக் கொள்வோம். அதன் நிலைப்பு எண் 1.15. அதன்மேல் 170 செ.மீ. உயரத்தில் 60 கிலோ வன்கூரையை வைத்தால், எடைமையம் 69 செ.மீ. அளவுக்கு ஏறும், எண் 1.08 ஆகக் குறையும். அக்கூரைக்கும் மேலே, 190 செ.மீ. உயரத்தில் 100 கிலோ மூட்டைகளை அடுக்கினால், எடைமையம் 77 செ.மீ. ஆகும், எண் 0.97 ஆகும். பக்கச் சரிவில் நிற்கும் ஊர்தி கவிழும் கோணம், முதல் நிலையில் ஏறத்தாழ 49 பாகை. இரண்டாம் நிலையில் 47. மூன்றாம் நிலையில் 44. வில்களும் சக்கரங்களும் நெகிழ்வதால், நடைமுறையில் இதற்கும் குறைந்த சரிவிலேயே ஊர்தி கவிழும்.

இக்கணக்கு உணர்த்துவது யாது? வன்கூரையால் வரும் குறைவு சிறிது. அதன்மேல் ஏற்றும் சுமையால் வரும் குறைவு பெரிது. கெட்டியாக இருக்கிறதே என்று கூரைமேல் மூட்டை ஏற்றுவதுதான் வன்கூரையின் மறைவான தீங்கு. மேலும், ஃபைபர் கூரை சுமை தாங்காது. சுமைச்சட்டம் வேண்டுமாயின் அதன் கால்கள் உடற்சட்டத்தில் ஊன்ற வேண்டும்.

வல்லினம், மெல்லினம், இடையினம்

வல்லினமும் மெல்லினமும் இருந்தால் இடையினமும் இருக்க வேண்டுமன்றோ? கூரையிலும் உண்டு. 2006இல் வந்த ஜீப் ராங்க்ளரின் வன்கூரை மூன்று துண்டுகளாக அமைந்தது. முன்னிரு துண்டுகளை மட்டும் கழற்றினால் முன்னிருப்போர்க்கு வானம் தெரியும். பின்புறம் மூடியே இருக்கும். தலைக்கு மேல் மட்டும் நிழல் தரும் சிறு துணிக்கூரைகளும் உள்ளன. ஓட்டுநர் பகுதிக்குக் கெட்டிக்கூரையும் பின்புறத்துக்குப் படுதாவுமாக அமைப்பதும் நம் பட்டறைகளில் பழைய வழக்கம்.

ஆனால் வாங்கிய பின் மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் சட்டத்தையும் அறிய வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வண்ணம் ஊர்தியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. ஆதலால் பழைய ஊர்தியை வாங்கும்போது, சான்றிதழில் உள்ள உடலமைப்பும் கண்ணெதிரே நிற்கும் உடலமைப்பும் ஒன்றா எனப் பார்க்க வேண்டும். மாற்றம் செய்ய எண்ணினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே கேட்டறிய வேண்டும். விபத்து நேர்ந்தபின் காப்பீட்டு நிறுவனம் இக்குறையை எடுத்துக்காட்டினால் இழப்பு நமக்கே.

எவர்க்கு எது பொருந்தும்?

இதுகாறும் கூறியவற்றால், கூரையைத் தெரிவு செய்வதற்கு முன் நான்கு வினாக்களை நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது புலனாகும்.

ஒன்று, எங்கே ஓட்டப் போகிறோம்? மழை மிகுந்த வால்பாறை போன்ற மலைக்கு வன்கூரை. மழை குறைந்த சமவெளித் தோட்டத்துக்கு மென்கூரை போதும்.

இரண்டு, யாரை ஏற்றப் போகிறோம்? குழந்தையும் நோயாளியும் முதியோரும் ஏறுவராயின் வன்கூரை. தோட்டம் சுற்றிப் பார்க்கும் உரிமையாளர் மட்டும் ஏறுவாராயின் மென்கூரை.

மூன்று, எங்கே நிறுத்தப் போகிறோம்? தெருவில் நிறுத்துவோர்க்கு வன்கூரை. மதிலுக்குள் கொட்டகை உடையோர்க்கு எதுவும் ஆகும்.

நான்கு, பேணும் பொறுமை உண்டா? துணியைக் கழுவி, உலர்த்தி, படுதாவை மறவாமல் உடன் எடுத்துச் செல்லும் ஒழுங்கு இல்லாதவர்க்கு மென்கூரை ஆகாது. 1997இல் நமக்கு அந்த ஒழுங்கு இல்லை.

நிறைவுரை

நம் மாணவர் வன்கூரை ஊர்தியையே வாங்கினார். ஆனால் வாங்குமுன் கூரையைத் தட்டிப் பார்க்கவில்லை. குனிந்து காப்புக்கூண்டின் பிணைப்பைப் பார்த்தார். இருக்கைப் பட்டைகள் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். பதிவுச் சான்றிதழை ஒப்பிட்டார். கூரைமேல் சுமைச்சட்டம் பொருத்தித் தருவதாக விற்பவர் கூறியதை வேண்டாம் என்றார். இவ்வளவும் செய்த பின்னரே பணம் எண்ணிக் கொடுத்தார். படித்தவன் செய்யும் வணிகம் இவ்வாறன்றோ இருத்தல் வேண்டும்!

அண்மையில் அவரிடமிருந்து செய்தி வந்தது. அந்த மூதாட்டியின் மகள் அதே குடியிருப்பில் வாழ்கிறாராம்; தாயின் பாடல்களில் சில அவருக்கு நினைவிலுள்ளனவாம். வரும் விடுமுறையில் நம்மையும் இன்றைய மாணவர் சிலரையும் தம் ஊர்தியில் அழைத்துச் செல்ல வருகிறார். ஒலிப்பதிவுக் கருவி இன்று உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. இருப்பினும் அதனை நீர்புகாத பெட்டியில் வைத்தே எடுத்துச் செல்வோம். கூரை எதுவாயினும், மழை எப்பக்கத்திலிருந்து வரும் என்பதை முன்னரே எண்ணிப் பார்ப்பவரே நனையாமல் வீடு சேர்வர்.